வள்ளியாத்தாளின் டிராக்டருக்குப் புது மரை

14-6-1981, ஞாயிறு

இரவு நல்ல மழை. மானாவாரி நிலமான மேட்டுக்காட்டில் கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்குகிறது. இன்னும் சில நாளில் ஈரம் பதத்துக்கு வந்துவிடும், அதற்குள் டிராக்டருக்கு எண்ணெய் மாற்றிவிட வேண்டும் என்று தங்கை வள்ளியாத்தாள் காப்பி குடிக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

மாற்றினோம். மாற்றாமலே இருந்திருக்கலாம்.

எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் வார்ப்பிரும்புத் தொட்டியைச் சேம்பர் என்கிறார்கள். அதன் அடியில், எண்ணெயை இறக்கத் திருகிக் கழற்றும் ஒரு பிளக். பழைய எண்ணெயை இறக்கிவிட்டு, தங்கை இந்த ஊர் வழக்கப்படி பிளக்கில் தறி நூலைச் சுற்றி, வெள்ளை பெயிண்டைத் தடவி மாட்டினாள். பம்புசெட் குழாயோ தண்ணீர்த் தொட்டியோ டிராக்டரோ, இங்கே எது ஒழுகினாலும் அதுதான் வைத்தியம். நூல் சுற்று, பெயிண்ட் பூசு, கை வலிக்கும் வரை முறுக்கு. அவள் கணவர் நாச்சிமுத்து மாப்பிள்ளை உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான் செய்வார். இன்று ஸ்பேனர் கனத்துக்கொண்டே போய், திடீரென்று லேசாயிற்று. அதன் பிறகு பிளக் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே எடுத்தால் துளையின் உட்சுவரில் திருகு வரியாக இருந்த மரை முழுவதும் அதோடு சுருண்டு வந்துவிட்டது, பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போல.

கை கனம் மாறுவது பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது. 'நிறுத்து' என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன மெக்கானிக்கா என்று நினைத்துக்கொண்டேன்.

15-6-81

மருதாசலம் வந்தார். நாச்சிமுத்துவின் தம்பி; அண்ணன் மனைவியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார். திருச்செங்கோட்டில் இரண்டு ரிக் வண்டி வைத்து வடநாடு வரை ஆழ்துளைக் கிணறு போடுகிறார். நல்ல மனிதர்தான். சிரித்துக்கொண்டே பேசுவார். சிரித்துக்கொண்டே கேட்டும் விடுவார். டிராக்டருக்கு அடியில் வைத்திருந்த சட்டியைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"ஏனுங்க நங்கையா, ஆயிலே நிக்காத வண்டிய வெச்சுக்கிட்டு எத்தன நாளைக்குப் போராடுவீங்க? காட்ட எங்கிட்ட குத்தகைக்கு உட்டுப்போட்டு நிம்மதியா இருங்க."

இது மூன்றாம் வருடமாகக் கேட்கிறார். மழை பொய்த்த இரண்டு வருடத்தில் காளைகளை விற்றாகிவிட்டது. வாடகை டிராக்டரை நம்ப முடியாது. மழை பெய்தால் ஊரே ஒரே நாளில் கூப்பிடும், தனியாக இருக்கும் பெண்ணுக்கு முறை வருவதற்குள் ஈரம் காய்ந்துவிடும். எல்லாம் எனக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். இருந்தும் சொன்னாள்:

"ஆடி பொறக்கறதுக்குள்ள நானே ஓட்டி வெதைக்கலீன்னா, நீங்களே வெதைச்சுக்குங்க தம்பி."

சொன்ன சொல் சொன்னதுதான். இந்தக் குடும்பத்தில் பத்திரம் எழுதுவதெல்லாம் கிடையாது. ஒருமுறை குத்தகைக்குப் போன காடு எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அவள் கையில் இருப்பது அந்தக் காடு ஒன்றுதான்.

ஆடி பிறக்க ஒரு மாதம்தான் இருக்கிறது.

17-6-81

டிராக்டர் என்னைவிட மதிப்புள்ள கிழம். நாற்பத்தெட்டாம் வருட மாடல். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து மாப்பிள்ளை வாங்கி வந்தது. இதற்கு இன்னொரு சேம்பர் சேலத்தில் கிடையாது. கோயம்புத்தூரிலும் கிடையாது என்கிறார்கள். வெல்டிங் வைத்தால்? வார்ப்பிரும்பு சூட்டில் விரிசல் விடும் என்று படித்திருக்கிறேன். படித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

வள்ளியாத்தாள் வேப்பங்கட்டையைச் சீவித் தக்கை மாதிரி அடித்துவிட்டாள். சேம்பரில் எண்ணெய் ஊற்றினோம். நின்றது. வண்டியைக் கிளப்பி நாலு சுற்று ஓட்டியதும் சூட்டில் எண்ணெய் இளகி, தக்கையைச் சுற்றிக் கசிந்து, கடைசியில் தக்கையே விழுந்துவிட்டது. தேடி எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். பல் விளக்கவாவது ஆகுமா என்று கேட்டாள்.

19-6-81

பெட்டியின் அடியிலிருந்து, மயிரிழை வரை அளக்கும் கருவியான வெர்னியரை எடுத்தேன். எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றுத் தங்கை வீட்டுக்கு வந்தபோது, என் சொந்தக் காசில் வாங்கியது என்பதால், கொண்டுவந்துவிட்டேன். சந்தை சந்தையாகப் போய்த் தராசுக்கும் படிக்கும் முத்திரை குத்தியவன் நான். ஒரு வியாபாரி மேல்கூட வழக்குப் போட்டதில்லை. எடைக்கல்லைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, அடுத்த தடவை போகும்போது பயந்துகொண்டே போவேன்.

டிராக்டருக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துத் துளையை அளந்தேன். மரை இருந்த இடமே தெரியாமல் வழவழவென்று இருக்கிறது. முக்கால் அங்குலம். திரும்ப அளந்தேன். முக்கால்தான்.

இதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் ஒன்றை அளந்தபின் அதைப் பார்த்துப் பயம் குறைகிறது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

20-6-81, சனி

அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

மாலையில் கிணற்று மேட்டில் கால் கழுவப் போனேன். பம்புசெட் தொட்டியில் ஒரு குழாய்த் துண்டு கழற்றி வைத்திருந்தது. அரை அங்குலக் குழாய். ஊர் முழுக்க அப்படித்தான் சொல்கிறோம். கடையில் கேட்டாலும் அப்படித்தான் தருவார்கள். வெர்னியர் சட்டைப் பையில் இருந்தது. எதற்கு அளந்தேன் என்று தெரியவில்லை. சும்மா.

அரை அங்குலக் குழாயில் எதுவுமே அரை அங்குலம் இல்லை!

உள்துளை அரையைவிடக் கூடுதல். வெளியே மரையின் முகட்டில் வைத்தால் முக்காலையும் தாண்டிப் போகிறது. மரையின் பள்ளத்தில் முனையை வைத்து அளந்தேன் — முக்காலுக்கு ஒரு மயிரிழை குறைவு.

முக்கால். நம் துளை!

அதாவது அரை அங்குலக் குழாய்க்கு மரை வெட்ட வேண்டுமென்றால் எந்த அளவில் துளை போடுவார்களோ, அந்த அளவில் நம் சேம்பரில் துளை தயாராக இருக்கிறது. துளைக்க வேண்டியதில்லை, வெல்டிங் வேண்டியதில்லை. மரை வெட்டும் டேப் என்கிற எஃகுக் கருவியை நேராகத் திருகி விட்டால் பழைய சுவரில் புது மரை விழுந்துவிடும். பழைய மரை தேய்ந்துபோனதே இதற்காகத்தானோ என்று ஒரு கணம் தோன்றியது. அசட்டு எண்ணம். இருந்தும் தோன்றியது.

செருப்புப் போட மறந்து வீட்டுக்கு ஓடிவந்தேன். இந்த வயதில். வள்ளியாத்தாள் என்னவோ பாம்பு என்று நினைத்துக் கம்பை எடுத்துவிட்டாள். சொன்னேன். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இத்தன வருசமா அரை இஞ்சுன்னு ஏமாத்தீட்டா இருக்கறானுக? நீங்க இன்ஸ்பெக்டராத்தானுங்கண்ணா இருந்தீங்க, ஒரு கேசு போடலீங்களா?"

சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

21-6-81

சந்தேகம் வந்துவிட்டது. நேற்று வெளிச்சம் குறைவு. காலையில் மறுபடி துளையையும் குழாயையும் அளந்தேன். சரியாகத்தான் இருக்கிறது. மத்தியானம் இன்னொரு முறை. சரிதான்.

22-6-81

ஆட்டையாம்பட்டிக்கு நடந்தே போனேன். பாலசுந்தரத்தின் லேத் பட்டறை தறிக்கூடங்களுக்கு நடுவே இருக்கிறது. கத்தித்தான் பேச வேண்டும். என்னால் கத்த முடியாது. துண்டுச்சீட்டில் படம் வரைந்து காட்டினேன். உடனே புரிந்துகொண்டார். அரை அங்குலக் குழாய் டேப் கையில் வைத்திருந்தார், எடுத்துக் கொடுத்துவிட்டார். இவ்வளவு சுலபமா?

வாங்கியவன் பழக்கதோஷத்தில் அளந்தேன். நுனியில் ஒரு அளவு, அடியில் ஒரு அளவு. கூம்பு. குழாய் மரையே கூம்பு மரைதான். முறுக்க முறுக்க ஆப்பு மாதிரி இறுகும், அதனால்தான் தண்ணீர் ஒழுகாமல் நிற்கிறது என்றார் பாலசுந்தரம். குழாய்க்கு அது நல்லது. குழாய் இரும்பு கொஞ்சம் விரிந்து கொடுக்கும். வார்ப்பிரும்பு கொடுக்காது. ஆப்பு இறங்கினால் சேம்பர் பிளந்துவிடும்.

டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் முகத்தில் 'இந்த ஆளுக்கு என்னதான் வேண்டும்' என்று தெரிந்தது. நேர் மரை டேப் வேண்டும், அதே அளவு, கூம்பு இல்லாமல். அது தன்னிடம் இல்லை; ரிக் வண்டிக்காரர்கள் கம்ப்ரசருக்கு வைத்திருப்பார்கள் என்றார்.

ரிக் வண்டிக்காரர். எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

24-6-81

இன்னும் திருச்செங்கோடு போகவில்லை. காட்டைக் கேட்கிற மனிதரிடமே போய், காட்டைக் காப்பாற்ற ஒரு கருவி கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது? மூன்று விதமாக யோசித்தேன். மூன்றும் மனு மாதிரி இருக்கிறது.

மேகம் கட்டுகிறது.

25-6-81

பேருந்தில் போனேன். ஒரு வாக்கியமும் தேவைப்படவில்லை. மருதாசலம் விஷயத்தைக் கேட்டு முடிக்கும் முன்பே பட்டறைக்குள் போய் நேர் மரை டேப்பை எடுத்து வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தானே வந்து வெட்டித் தருவதாகவும் சொல்லிவிட்டார்.

"உங்க கைக்கு டேப்பு சுத்துமுங்களா மச்சான்? பேனாப் புடிச்ச கை. நான் வாரேன், இருங்க."

காடு வேறு, உதவி வேறு என்று அவர் மனதில் தனித்தனியாக இருக்கிறது போலிருக்கிறது. என்னிடம் அப்படி எதுவும் தனித்தனியாக இருப்பதில்லை. சந்தோஷமும் பயமும் ஒரே பையில். அவர் கை ரிக்கில் முறுக்கிப் பழகிய கை. அதுதான் பயம்.

27-6-81, சனி

பாலசுந்தரம் பிளக் கடைந்து கொடுத்துவிட்டார்: நேர் மரை, மேலே அகலமான தலை. தலைக்கும் சேம்பருக்கும் நடுவே வாசர் என்கிற செம்பு வளையம். எண்ணெயை நிறுத்த வேண்டியது மரை அல்ல, அந்த வாசர். ஆகவே அளவாக இறுக்கினால் போதும், நூல் வேண்டாம், பெயிண்ட் வேண்டாம். இதைத் தங்கைக்கு விளக்குவதற்குள் தொண்டை வற்றிவிட்டது. முப்பது வருடமாக நூல் சுற்றியவளுக்கு நூல் இல்லாத பிளக் என்பது துணியில்லாமல் தெருவுக்குப் போவது மாதிரி.

வாசரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். செம்பு அப்படிச் செய்தால் இளகும், நசுங்கி நன்றாகப் பொருந்தும். குழம்புச் சட்டியை இறக்கி வைத்துக்கொண்டு வள்ளியாத்தாள் காத்திருந்தாள். இதற்கு உப்பு போட வேண்டுமா என்று கேட்டாள்.

28-6-81, ஞாயிறு

எழுதியாக வேண்டும். உடம்பு இன்னும் பரபரவென்று இருக்கிறது.

மருதாசலம் காலையிலேயே வந்து சட்டையைக் கழற்றி வேப்பமரத்தில் மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பினேன், சீவல்கள் சேம்பருக்குள் போகாமல் அதில் ஒட்டிக்கொள்ள. டேப் கோணாமல் நிற்கிறதா என்று நாலு பக்கமும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று சுற்றச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார். அவர் கை பலமானது மட்டும் இல்லை, நிதானமாகவும் இருந்தது; அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வார்ப்பிரும்பு கரகரவென்று கடிபட்டது. டேப்பை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன்.

புது மரை. பளபளவென்று, வரி வரியாக. என்னையறியாமல் அவர் தோளைத் தட்டிவிட்டேன்.

டீசல் ஊற்றிக் கழுவினோம். பிளக்கைக் கையாலேயே முழுதும் ஏற்றினேன், வெண்ணெய் மாதிரி ஏறியது. கடைசி இறுக்கலுக்கு மருதாசலம் பைப் ரெஞ்சை எடுத்தார். மடியிலிருந்து நூல் உருண்டையும் வந்தது. நூல் வேண்டாம் என்றதற்குச் சிரித்துக்கொண்டே மடியில் திருப்பி வைத்தார். ரெஞ்சைப் போட்டார். வாசர் நசுங்கி உட்கார்ந்தது. நானே பார்த்தேன். அவர் கை நிற்கவில்லை.

"போதுமுங்க மாப்ள," என்றேன்.

"இது பத்தாதுங்க மச்சான். எங்க ரிக்குல இதுக்கு மேல ரெண்டு சுத்து வெப்போம். அப்பத்தான் நிக்கும்." ரெஞ்சின் கைப்பிடியில் இன்னொரு குழாயைச் செருகினார், நெம்புகோல் நீள.

போதும் என்று மறுபடி சொன்னேனா, நினைத்தேனா? தெரியவில்லை. அவர் தோள் திரள்வதைப் பார்த்தேன். அவ்வளவுதான், சேம்பர் போயிற்று, காடு போயிற்று, கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்து 'நீங்க பக்கத்துல தானே இருந்தீங்க' என்பார்கள்—

"கைய எடுங்க மாப்ள. இது கொழா இல்ல. பொளந்துரும். எடுங்கன்னா எடுங்க."

என் குரல்தானா அது? அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. வண்டிக்கு அந்தப் பக்கம் வள்ளியாத்தாளின் கால்கள் மட்டும் தெரிந்தன. நெருங்கி வந்து நின்றன.

"அண்ணன் சொல்றாங்கல்ல. உடுங்க தம்பி."

மருதாசலம் என்னையே பார்த்தார். கோபமா என்று பயந்தேன். ரெஞ்சைக் கழற்றி என் நெஞ்சின் மேல் வைத்துவிட்டு வெளியே நகர்ந்தார்.

"இந்தாங்க, நீங்களே வெச்சுக்குங்க. இத்தன வருசமா இந்தச் சத்தத்த எங்கீங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

எண்ணெய் ஊற்றினோம். அடியில் நேற்றைய செய்தித்தாளை விரித்தேன். வண்டியைக் கிளப்பிச் சூடேறவிட்டோம். பிளக்கின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டது. செய்தித்தாளில் விழுந்தது.

மருதாசலம் நூல் உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அந்தச் சொட்டை விரலில் தொட்டு மோந்தேன். டீசல்! எண்ணெய் இல்லை. கழுவியபோது வெளியே தங்கியது. துணியால் துடைத்தேன். காத்திருந்தோம். அடுத்த சொட்டு இல்லை. வள்ளியாத்தாள் காட்டை ஒரு முழுச் சுற்று ஓட்டிவந்து நிறுத்தினாள். மூன்று பேரும் அடியில் குனிந்து பார்த்தோம். காய்ந்த இரும்பு.

மருதாசலம் மத்தியானம் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். காட்டைப் பற்றிப் பேச்சில்லை.

29-6-81

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். செய்தித்தாளில் நேற்றைய டீசல் கறை ஒன்றுதான்.

3-7-81

மழை. பதமான மழை.

6-7-81, திங்கள்

உழவு. காலையிலிருந்து இருட்டும் வரை. கலப்பை திருப்பிய மண்ணின் மணம் வீடு வரை வருகிறது. ஒவ்வொரு முறை வரப்போரம் வந்து திரும்பும்போதும் நான் கை காட்டி நிறுத்தி அடியில் பார்த்தேன். நாலாவது தடவை வள்ளியாத்தாள் நிறுத்தவில்லை. "வழி உடுங்கண்ணா, பொழுது போகுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

10-7-81

கடலை விதைத்தாகிவிட்டது. ஆடி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. மருதாசலம் விட்டுப்போன டேப்பைத் துடைத்து, எண்ணெய் தடவி, பேருந்துக்காரரிடம் கொடுத்தனுப்பலாமென்றாள் வள்ளியாத்தாள். கூடாது, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். கொடுத்தேன். மருதாசலம் ரிக்கோடு வடக்கே கிளம்பிக்கொண்டிருந்தார். கடலை முளைத்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

19-8-81

பூ விட்டிருக்கிறது. வரப்பில் நின்றால் காடு முழுக்க மஞ்சள் புள்ளி. இப்போதெல்லாம் படுத்ததும் தூக்கம் வந்துவிடுகிறது.

1-11-81, ஞாயிறு

கடலை பிடுங்கிக் காயவைத்தாகிவிட்டது. விளைச்சல் பரவாயில்லை, வள்ளியாத்தாள் 'பரவாயில்லை' என்று சொன்னால் நல்ல விளைச்சல் என்று அர்த்தம்.

மருதாசலம் இன்னும் வடக்கேதான் இருக்கிறார். ஆள் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறார்: கொள்ளு விதைக்க வேண்டும், நங்கையா வந்து அவருடைய காட்டை உழுது கொடுக்க வேண்டும், ஊரில் மற்ற டிராக்டருக்கு என்ன வாடகையோ அதே வாடகை. அவள் அதைக் கேட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

போகுமுன் எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது. என்னைக் கூப்பிடவில்லை. நான் உள்ளே நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தேன். எண்ணெய் சட்டியில் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஸ்பேனர். ஒரு இழுப்பு, ஒரு சின்ன இழுப்பு. அளவோடு நின்றது.

எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று கால் பரபரத்தது. போகவில்லை. வண்டி கிளம்பி, வாசலைத் தாண்டி, தார்ச்சாலையில் ஏறும் வரை உட்கார்ந்தே இருந்தேன். அப்புறம் செய்தித்தாளில் விட்ட இடத்திலிருந்து படித்தேன்.